அவர், அது, அவள்

அஸ்தம்பட்டி, சேலம்
லெந்து காலத்து மூன்றாம் ஞாயிறு

அன்புள்ள ஜெனிக்கண்ணு,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு "அப்புறம் சொல்கிறேன்" என்று மழுப்பிவிட்டேன். "உங்கள் பைபிளில் இயேசு எல்லாப் பக்கத்திலும் இருக்கிறாரா, இல்லை நீங்கள்தான் கொண்டுபோய் வைக்கிறீர்களா?" என்று உன் ஆஸ்பத்திரி ஜெர்மன் தோழி கேட்டாள் என்றாய். முப்பத்தொரு வருடம் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவனுக்கு அந்த நிமிடத்தில் வாய் வரவில்லை. நேற்று ஏற்காட்டில் அம்மாயி வீட்டுக்குப் போய்வந்ததால் இன்று எழுதுகிறேன்.

அம்மாயி வீட்டு மாதா சுரூபம் நினைவிருக்கிறதா? காலடியில் கிடக்கும் பாம்பைப் பார்த்து, ஜெபமாலைக்கே வரமாட்டேன் என்று அழுவாயே, அதேதான். பாம்பின் தலையில் பச்சைப் பெயிண்ட் உரிந்து உள்ளே சுண்ணாம்பு தெரிகிறது. மாதாவின் கட்டைவிரல் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, அம்மாயி தினமும் தொட்டு முத்தி செய்வதால். காப்பிக் களத்துப் பக்கமிருந்து மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்தக் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார் கால் அது?

கேள்வியின் வேர் ஆதியாகமம் 3:15. பாம்பிடம் கடவுள் பேசுகிறார். ஸ்திரீயின் வித்தை, அதாவது அவள் சந்ததியை, குறித்து நம் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) வீட்டுப் பழைய வேதாகமம் சொல்வது: "அவர் உன் தலையை நசுக்குவார்." அம்மாவின் கத்தோலிக்க விவிலியத்தை, 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பை, எடுத்துப் பார்: "அவள் வித்து உன் தலையைக் காயப்படுத்தும்." ஒன்றில் உயர்திணை, அதுவும் மரியாதைப் பன்மை. மற்றொன்றில் அஃறிணை. மூலம் ஒன்றுதான்.

எபிரெயத்தில் வித்து என்ற சொல்லே ஆண்பால். அதைச் சுட்டும் சொல்லும் ஆண்பாலில்தான் வரும். ஒரு ஆளையும் குறிக்கலாம், ஒரு வம்சத்தையும் குறிக்கலாம். ஜெர்மனிலும் வித்து ஆண்பால்தான், ஆகவே உன் தோழிக்கு அந்த இடத்தில் எதுவும் உறுத்தாது. தமிழன் மாட்டிக்கொள்கிறான். வித்து நமக்கு அஃறிணை. "நசுக்கும்" என்று எழுதினால் இலக்கணம் நிற்கும், "நசுக்குவார்" என்று எழுதினால் எழுதியவனின் விசுவாசம் வெளியே வந்துவிடும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் "அவர்" என்று எழுதியபோதே அந்த வித்து கிறிஸ்து என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அடிக்குறிப்பு இல்லாமல், ஒரே ஒரு பிரதிப்பெயரில்!

லத்தீன் கதை இன்னும் வேடிக்கை. அங்கே பல நூற்றாண்டுகள் "அவள் நசுக்குவாள்" என்று நின்றது. அம்மாயி தொட்டுத் தொட்டுத் தேய்த்த கட்டைவிரல் அந்த "அவள்" என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். 1979-இல் ரோமே வெளியிட்ட புதிய லத்தீன் பதிப்பில் "அது" என்று மாற்றிவிட்டார்கள். சுரூபத்தை யாரும் மாற்றவில்லை. அம்மாயியிடம் போய் யார் சொல்வது?

பத்தொன்பது வயதில் இதை ஒரு வாலிபர் கூட்டத்தில் கேட்டேன். "கேள்வி கேட்கத் தொடங்கியதும் பாம்புதான், தம்பி" என்றார் பிரசங்கியார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் உன்னிடம் மழுப்பியதற்காக வெட்கப்படுகிறேன்.

"அவர்" என்று போட்டது மோசடியா? நான் அப்படி நினைக்கவில்லை. கிறிஸ்தவர்களுக்கு முன்பே, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், யூதர்கள் இதைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். கிரேக்கத்தில் வித்து, நம் அஃறிணை போலவே, ஆணும் பெண்ணும் அல்லாத பால். ஆனாலும் அவர்கள் "அவன்" என்றே எழுதினார்கள். ஏன் என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. ஆனால் வாசல் நாம் உடைத்துத் திறந்ததல்ல. இரண்டாம் நூற்றாண்டில் இரேனியஸ் என்ற பிஷப் அந்த வழியாக நுழைந்து, அந்த வித்து கிறிஸ்துவே என்றார். பதினாறாம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர் கால்வின், கிறிஸ்துவை விட்டுக்கொடுக்காத மனிதர், வித்து என்பது ஒரு கூட்டத்தைக் குறிக்கும் சொல், அதை ஒருவர்மேல் மட்டும் ஏற்றுவது சொல்லை முறுக்குவது என்று தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்குப் பிடிக்கும். பவுலே கலாத்தியர் 3:16-இல் ஆபிரகாமின் வித்து ஒருவரே, அது கிறிஸ்து என்று அடித்துச் சொல்கிறார். அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தில் அவரைச் சேர்ந்த எல்லாரையும் ஆபிரகாமின் சந்ததி ஆக்கிவிடுகிறார். ரோமர் 16:20-இல் சாத்தான் நசுங்குவது "உங்கள் கால்களின் கீழே". அப்படியானால் அந்தக் கால் கிறிஸ்துவுடையதும்தான், அம்மாயியுடையதும்தான்.

நீதிமொழிகள் 8:22-ஐயும் பார். ஞானம் பேசுகிறது. கர்த்தர் என்னைக் "கொண்டிருந்தார்" என்கிறது நம் புத்தகம். அம்மாவுடையது "படைத்தார்" என்கிறது. 325-இல் நிசேயாவில் சங்கம் கூடிய காலத்தில் இந்த வசனத்தை வைத்துத்தான் பெரிய சண்டை. குமாரனாகிய கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்பதற்கு ஆரியு என்ற குரு இதைக் காட்டினார். அவரை எதிர்த்த அத்தனாசியு, அது கிறிஸ்து மனிதரானதைக் குறித்தது என்றார். அந்த ஞானம் கிறிஸ்துதான் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை, அதைக் கவனி. அம்மா "படைத்தார்" என்று வாசித்தும் ஆரியு கட்சிக்குப் போய்விடவில்லை. ஞாயிறுதோறும் சொல்லும் விசுவாசப்பிரமாணம் அவளை முன்பே பிடித்துவைத்திருக்கிறது. நாம் எல்லாரும் அப்படித்தான் வாசிக்கிறோம். இதை மறைப்பதுதான் தப்பு.

அதற்காக எதை வேண்டுமானாலும் ஏற்கச் சொல்லவில்லை. ஆபிரகாமின் 318 ஆட்களில், கிரேக்க எண்ணெழுத்தைக் கூட்டிப் பிரித்து, இயேசுவின் பெயரையும் சிலுவையையும் கண்டுபிடித்த ஒரு பழைய நிருபம் உண்டு. ஆபிரகாம் எபிரெயர், கூட்டல் கிரேக்கத்தில்! இந்த மாதிரிக் கணக்குக்கு நான் பாஸ் மார்க் போடமாட்டேன். நாம் இயேசுவின் பாடுகளாக வாசிக்கும் ஏசாயா 53-இல் தன் ஜனத்தின் பாடுகளை வாசிக்கும் யூதரிடம் அது உங்கள் பக்கமல்ல என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. அதே பக்கத்தை வாசித்த எத்தியோப்பிய மந்திரியே அப்போஸ்தலர் 8-இல் "தம்மைக்குறித்தோ, வேறொருவரைக்குறித்தோ?" என்றுதானே கேட்டான். பிலிப்பு அவனைப் பாம்பு என்று சொல்லவில்லை, ரதத்தில் ஏறி உட்கார்ந்தான்.

ஆகவே உன் தோழியிடம், "வைக்கிறோம், ஆனால் வைக்க இடம் இருக்கிற இடத்தில்" என்று சொல். போதாது என்றால், கிறிஸ்துவை "வார்த்தை" என்று சொல்லும் யோவான் முதல் அதிகாரத்தை இரண்டாம் வசனம் வரை தமிழில் வாசித்துக் காட்டு. "வார்த்தை இருந்தது, இருந்தது" என்று வந்துகொண்டே இருந்து, எந்த இடத்தில் "இருந்தார்" ஆகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல். அங்கே மொழிபெயர்த்தவனுடைய கை நடுங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

தட்டுவடை பார்சல் அனுப்பிவிட்டேன், நொறுங்காமல் வந்ததா என்று சொல். அம்மாயி அந்தப் பாம்புக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க ஆள் தேடுகிறாள். பச்சையா கறுப்பா என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா