குரல் கேட்குதா என்றால், கேட்கும் டொக்டர்

மலையகத்து ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் நடத்தும் டொக்டர்மாருக்கும், தாதிமாருக்கும், மருந்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

எனக்கு 36 வயது. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு ஓட்டிசம் (பிறவியிலேயே மூளை வேறு விதமாக வேலை செய்யும் தன்மை) இருக்கிறது என்று கொழும்பில் சொன்னபோது வயது 31. அதுவரைக்கும், தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் எனக்கு இருந்த பெயர் 'ஒரு மாதிரியான பொடியன்'.

முதல் தடவை கிளினிக்குக்கு வந்த அன்று (எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம்) டொக்டர் கேட்டார்: "தனியா இருக்கும்போது குரல் ஏதும் கேட்குதா?" கேட்கும் என்றேன். லயத்தில் இருப்பவனுக்குக் கேட்காமல் இருக்குமா? பக்கத்துக் காம்பராவில் மாமா யாரையோ ஏசுவார், அதற்கடுத்த காம்பராவில் டிவி ஓடும். "என்ன சொல்லுது?" என்றார். "அநேகமா சண்டைதான், டொக்டர்." அவர் குனிந்து எழுதினார். இல்லாத குரல் கேட்பவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று கிடைத்தது. பகலெல்லாம் தூக்கம், வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டு மாதம் கழித்து இருந்த வேறு டொக்டர்தான், "அது யாருடைய குரல்?" என்று கேட்டார். பக்கத்துக் காம்பரா மாமா என்றேன். பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் நானும் சிரித்தேன். என்னைக் கொழும்புக்கு அனுப்பியவரும் அவர்தான்.

நீங்கள் கேட்கும் சொல்லுக்குத்தான் நான் பதில் சொல்கிறேன். மனதில் வைத்துக்கொண்டு கேட்பதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. "நித்திரை வருதா?" வருகிறது, விடிய 3 மணிக்கு. கொப்பியில் 'நித்திரை நல்லம்' என்று ஏறிவிடும். "எப்படி இருக்கு?" என்றால் "நல்லா இருக்கு" என்பேன். வணக்கம் என்றால் வணக்கம் சொல்வதில்லையா, அது மாதிரி. நெஞ்சு படபடக்குதா என்றும் கேட்பீர்கள். ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு 140 படி. ஏறி வந்தாலும் படபடக்கும், பயந்தாலும் படபடக்கும். இரண்டையும் பிரிக்க எனக்கு வராது. பசியையே கை நடுங்கிய பிறகுதான் கண்டுபிடிக்கிறவன் நான். எத்தனை மணிக்குப் படுத்தாய், எத்தனை மணிக்குக் கண்ணயர்ந்தாய், இந்தக் கிழமை எத்தனை நாள் வேலைக்குப் போனாய் என்று கேட்டுப் பாருங்கள். துல்லியமாகச் சொல்வேன்.

மாத்திரைக்கு நான் எதிரி இல்லை. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் செர்ட்ரலின் எனக்கு உதவுகிறது. 25 மில்லிகிராமில் தொடங்கி 50க்கு வந்தேன். முதல் கிழமைகளில் பதற்றம் கூடலாம், பலன் தெரிய ஆறு கிழமை வரைகூட ஆகலாம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், ஆரம்பத்தில் நாலாம் நாளே நிறுத்தியிருக்க மாட்டேன். ஓட்டிசத்துக்கென்று மாத்திரை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சிகிச்சை வழிகாட்டல்கள் வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) நிறுவனம் பெரியவர்களுக்காக 2012இல் வெளியிட்ட வழிகாட்டலும் ஓட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளுக்கு மருந்து கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. பதற்றத்துக்குப் பேச்சு மூலம் சிகிச்சை செய்தால் எழுதிக் காட்டுங்கள், உவமை சொல்லிக் குழப்பாதீர்கள், இடையிடையே ஓய்வு கொடுங்கள் என்கிறது.

அப்புறம், மாத்திரை தொடாத இடம் ஒன்று இருக்கிறது. தொழிற்சாலைக்குள் ரோலரும் விசிறியும் ஒரே சீராக இரையும். அந்தச் சத்தம் எனக்குப் போர்வை மாதிரி. மூன்று வருடத்துக்கு முன், ஆள் போதவில்லை என்று என்னைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். ஒரு கிலோ குறைந்தாலும் சண்டை. (சண்டை போடுகிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அது வேறு கதை.) ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசுவார்கள். எட்டு மாதம் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு நின்றேன். ஒருநாள் காலையில் பிளேன்டீ ஊற்றப் போனவனுக்குத் தேயிலை முதலா சுடுதண்ணீர் முதலா என்று தெரியவில்லை. தேயிலையிலேயே வளர்ந்து, தேயிலையிலேயே சம்பளம் வாங்குகிறவன். அம்மா வந்து வாங்கும் வரை கேத்தலைப் பிடித்தபடி நின்றேன்.

கிளினிக்கில் இதை மனச்சோர்வு என்று எழுதி, மாத்திரையை 100 ஆக்கினார்கள். மனச்சோர்வும் வரக்கூடியதுதான். ஆனால் இது பர்ன்அவுட், தாங்கித் தாங்கி ஆளே தீர்ந்துபோவது. அமெரிக்காவில் டோரா ரேமேக்கரும் குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, ஓட்டிசம் உள்ளவர்களின் பர்ன்அவுட்டில் மூன்று விஷயங்களைக் காட்டுகிறது: தீராத களைப்பு, தெரிந்த வேலை கைவிட்டுப்போவது, சத்தம் வெளிச்சம் போன்றவற்றைத் தாங்கும் சக்தி குறைவது. மாதக்கணக்கில் இழுக்கும். "வீட்டுக்குள்ளேயே இருக்காதே, நாலு பேரோட பழகு" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கு வந்ததே நாலு பேரோடு பழகியதால் வந்த வியாதி!

கடைசியில் கைகொடுத்தது ஒரு கடுதாசி. ஒரு டொக்டர் தோட்ட நிர்வாகத்துக்கு நாலு வரி எழுதித் தந்தார். இவரைப் பழைய இடத்திலேயே வேலைக்கு விடவும், சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுக்கவும், அவ்வளவுதான். ஐந்து மாதத்தில் பிளேன்டீ திரும்பி வந்தது. மாத்திரையும் பழையபடி 50 ஆனது. மருந்துச் சீட்டு எழுதும் அதே பேனையால் அந்த நாலு வரியையும் எழுதலாம். எங்கள் பக்கத்தில் டொக்டர் கையெழுத்துக்கு இருக்கும் மரியாதை எங்கள் வாய்ப்பேச்சுக்கு இல்லை.

கிளினிக் நாள் என்றாலே எனக்கு இரண்டு நாள் போய்விடும். ஆறு மணி பஸ், நம்பர் துண்டு, மூன்று மணித்தியாலக் கூட்டம், எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாத காத்திருப்பு. ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் வெளியே மரத்தடியில் நின்றுவிட்டு வருவேன். மருந்தின் கம்பனி மாறி மாத்திரையின் வடிவம் மாறினால் ஜன்னலில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது வேறு மருந்தோ என்று விழுங்காமல் வைத்திருப்பேன், வைத்திருந்திருக்கிறேன். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது, என் மருந்து உறைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அவசரத்துக்கு மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கச் சொல்கிறீர்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பேச்சே வராது.

அடுத்த கிளினிக்குக்கு வரும்போது என் கொப்பிக்குள் ஒரு தாள் மடித்திருக்கும். தூங்கிய மணித்தியாலம், வேலைக்குப் போன நாள், சாப்பிட மறந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். எப்படி இருக்கு என்று கேட்பதற்கு முன்னால் அதை எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
பக்கத்துக் காம்பராக் குரல் இன்னும் கேட்கும் ஒருவன்