பழைய பிக்கப்பை மாற்றுகிறவர்கள் முதலில் வண்டிக்கு அடியில் படுக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வாகன இணைப்பில் பழைய பிக்கப் ஒன்றை, ரோடு இல்லாத கரடுமுரடான இடத்திலும் ஓடும் ஆஃப்ரோடு வண்டியாக மாற்றியது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஒதுக்கிப் போட்ட வண்டிக்கு மறுபடியும் உயிர் கொடுக்கிறார்கள் என்பதே எனக்கு சந்தோஷமான செய்திதான், அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் கட்டுரை முழுக்க டயர், உயரம், பெயிண்ட், மேலே மாட்டிய விளக்குகள் இவைதான் வருகின்றன. பிரேக் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. வண்டியின் அடிச்சட்டமான சேஸைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. இதைப் படித்துவிட்டு எத்தனையோ பேர் நாளைக்கே பெரிய டயர் வாங்கப் போவார்கள், எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்று வருடம் ஒரு பழைய பிக்கப்போடு மல்லுக்கட்டிய பிறகு, வேலையின் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்று புரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பிக்கப் இந்த வேலைக்கு ஏற்ற வண்டி என்பதில் சந்தேகமே இல்லை. ஏணி மாதிரியான சேஸ், அதன் மேல் தனியாக போல்ட் போட்டு உட்கார வைத்த பாடி, பின்னால் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் சாலிட் ஆக்சில், பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். எதையும் கழற்றலாம், எதையும் மாற்றலாம். இது புதிய மோகமும் இல்லை. 1930களிலேயே மார்மன் ஹெரிங்டன் என்ற அமெரிக்க நிறுவனம் ஃபோர்டு லாரிகளை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றிக் கொடுத்தது, 1950களில் நாப்கோ நிறுவனம் செவர்லே பிக்கப்புகளுக்கு அதையே செய்தது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ராணுவ வண்டியின் வழியில் 1946ல் டாட்ஜ் பவர் வேகன் வந்தபோது அதன் எஞ்சின் வெறும் 94 குதிரைத்திறன்தான், இன்றைக்கு ஒரு சின்ன காரிலேயே அவ்வளவு இருக்கிறது, ஆனாலும் அந்தக் கனமான வண்டி சேற்றிலும் காட்டிலும் வேலை பார்த்தது. காரணம் கியர். எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச், ஆக்சிலிலும் இழுவைக்கான விகிதம். 1979ல் நான்கு சக்கர இயக்கத்தோடு வந்த டொயோட்டா ஹைலக்ஸை இன்றும் தேடி வாங்குகிறார்கள் என்றால், அதன் முன்பக்கத்திலும் சாலிட் ஆக்சிலும் லீஃப் ஸ்பிரிங்கும் இருப்பதுதான் பெரிய காரணம். ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினால் மறுபக்கச் சக்கரத்தை அந்த ஆக்சில் கீழே அழுத்தும், இரண்டும் தரையை விடாது.

எனவே பழைய பிக்கப் வாங்கியவர் முதலில் ஒரு சுத்தியலையும் பழைய ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்கட்டும். சேஸை முன்னாலிருந்து பின்வரை தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உளுத்த இரும்பு மந்தமாகச் சத்தம் போடும். முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள் பின் ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட்டுகளைச் சுற்றியும், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் போட்டிருக்கும் இடமும். பெட்டி வடிவச் சேஸ் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே கறுப்பு பெயிண்ட் பளபளவென்று இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கிவிடும். என் வண்டியில் அப்படித்தான் ஒரு இடம் கிடைத்தது, டயர் வாங்கிய பிறகு. அந்தத் துண்டை வெட்டி எடுத்து வெல்டிங் வைக்க நான்கு மாதம் வண்டி பட்டறையிலேயே நின்றது. வெல்டிங் என்றதும் இன்னொன்று: சேஸுக்குக் குறுக்கே நேர்க்கோட்டில் வெல்டிங் ஓட்டி விடாதீர்கள். மேலே போடும் பிளேட்டை வைர வடிவத்தில் வெட்டிப் போட்டால் விசை ஒரே கோட்டில் குவியாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் வேலை என்றால் டேங்க்கை முழுதாக இறக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டுத்தான் தீப்பொறி பறக்க வேண்டும், காலி டேங்க்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

அடுத்து உயரம். இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். சஸ்பென்ஷனை எவ்வளவு தூக்கினாலும் சாலிட் ஆக்சில் வண்டியில், ஆக்சில் நடுவே பல்சக்கரங்களை மூடியிருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அது சக்கரத்தின் மையத்தோடு போகும் பொருள். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதிலும் டயர் விட்டம் 28 அங்குலத்திலிருந்து 33 ஆனால் கிடைப்பது 5 அங்குலம் அல்ல, அதில் பாதி, இரண்டரை. அப்படியானால் சஸ்பென்ஷனைத் தூக்குவது எதற்கு? அந்தப் பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்கவும், முன் பம்பரும் நடு வயிறும் மேட்டில் இடிக்காமல் இருக்கவும். அதற்குத் தேவையான அளவு போதும், அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலமும் நாம் கொடுக்கிற விலை.

என்ன விலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 150 செ.மீ. இருக்கிறது, வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காகிதக் கணக்கில் அது 47 டிகிரி சாயும்வரை கவிழாது. மையத்தை 80 செ.மீ. உயரத்துக்குக் கொண்டுபோனால் அதே வண்டி 43 டிகிரியில் போய்விடும். ஸ்பிரிங்கும் டயரும் ஒரு பக்கமாக அமுங்குவதால் உண்மையில் இதற்கும் வெகு முன்னாலேயே கவிழும். அதோடு கூரை மேல் இரும்பு ரேக், ஸ்பேர் டயர், ஜாக், தண்ணீர் கேன் என்று ஏற்றினால் மையம் இன்னும் மேலே ஏறும். கட்டுரையில் வந்த படத்தில் ஸ்பேர் டயர் உட்பட அத்தனை கனமும் கூரை மேல்தான் இருந்தது. பின்னால் அவ்வளவு பெரிய தொட்டி காலியாக இருக்கிறது, கனத்தை அங்கே கீழே வைத்து இறுக்கிக் கட்டலாமே.

இப்போது எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று அங்குலம் தூக்கி முடித்தோம், சமதளத்தில் ஓட்டிப் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது. முதல் பயணத்தில், ஒரு இறக்கத்தில், கல்லின் மேல் ஏறி இறங்கும்போது பின் இடது சக்கரம் பள்ளத்துக்குள் தொங்கியது. சேஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் பிரேக் ஹோஸ் ஒன்றே ஒன்றுதான், அதன் நீளம் பழைய உயரத்துக்கு அளந்தது, அது இழுபட்டு முனையில் பிய்ந்துவிட்டது. பெடல் சட்டென்று கீழே இறங்கியது. முன் பிரேக் தனிப் பாதையில் இருந்ததால் அது மட்டும் பிடித்தது, லோ ரேஞ்சில் நடக்கிற வேகத்தில் இருந்ததால் வண்டி நின்றது. பக்கத்தில் மச்சான் உட்கார்ந்திருந்தார். இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தூக்கிக் கொடுத்த பட்டறையும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால் உயரத்தைக் கூட்டிய ஒவ்வொருவரும் இதை ஒரு முறையாவது செய்ய வேண்டும்: சேஸில் ஜாக் கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, நான்கு சக்கரத்தையும் முழுக்கத் தொங்கவிட்டு, அடியில் விளக்கோடு போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஆக்சில் மூச்சு விடும் குழாய், வயர்கள். எதுவும் விறைப்பாக நிற்கக் கூடாது. பிறகு ஒரு மூலையை மட்டும் ஏற்றி ஸ்பிரிங்கை முழுக்க அமுக்கி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, டயர் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். எஞ்சின் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடியிருக்கும், அதன் மூட்டான கிராஸ் தேய ஆரம்பித்து அதிர்வு வரும். ஸ்டீயரிங் ராடும் சரிந்து நிற்கும், பள்ளத்தில் இறங்கும்போது வண்டி தானாகத் திரும்பும். முன் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைத்துத் தூக்குவதைச் செய்யவே செய்யாதீர்கள், பிரேக் பிடிக்கும் வேகத்தில் அந்தக் கட்டை முறுக்கி வெளியே வந்தால் ஸ்டீயரிங்கே இருக்காது. ஸ்பிரிங்கை ஆக்சிலோடு இறுக்கும் பழைய யு போல்ட்டையும் திரும்பப் போடக் கூடாது, அது ஏற்கெனவே நீண்டுவிட்ட இரும்பு. புதியதைப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் இறுக்க வேண்டும்.

டயருக்கு வருகிறேன். 28 அங்குலத்திலிருந்து 33க்குப் போனால் விட்டம் சுமார் 18 சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 70க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். எஞ்சினுக்கு எல்லாக் கியரும் 18 சதவீதம் உயர்ந்த மாதிரி, ஏற்றத்தில் திணறும், கிளட்ச் கருகும். எஞ்சினை மாற்ற வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். தேவையில்லை, ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மாற்றுங்கள். 4.10 விகிதம் இருந்த வண்டிக்கு 4.88 போட்டால் பழைய இழுவை திரும்பிவிடும், முன்னும் பின்னும் ஒரே விகிதம் என்பது மட்டும் கட்டாயம். அப்புறம் பிரேக். அதே பிரேக், அதைவிடக் கனமான, அதைவிடப் பெரிய சக்கரத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது. பெரிய டயர் போடும் அன்றே பிரேக்கைப் பற்றியும் முடிவு எடுத்தாக வேண்டும்.

உண்மையில் கரடுமுரடான இடத்தில் அதிகம் உதவுவது காசே கேட்காத ஒரு வேலை, காற்றைக் குறைப்பது. 35 பிஎஸ்ஐ இருக்கும் டயரை 18, 20க்குக் கொண்டுவந்தால் அது தரையில் நீளமாகப் படியும், கல்லை அணைத்துக்கொள்ளும், மணலில் புதையாது. தார் ரோட்டுக்குத் திரும்பும் முன் மறுபடியும் காற்று அடைக்க ஒரு கம்ப்ரசர் வேண்டும், இல்லையென்றால் டயரின் பக்கச் சுவர் சூடாகிக் கிழியும்.

மாட்டிக்கொண்ட வண்டியை இழுப்பது பற்றியும் உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டும். டிரெய்லர் மாட்டும் குண்டில் கயிற்றைப் போட்டு இழுத்து, அந்தக் குண்டு பிய்த்துக்கொண்டு பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேஸில் உறுதியாகப் பூட்டிய கொக்கியும் எடைத்திறன் பொறித்த ஷேக்கிள் என்ற இணைப்பு வளையமும்தான் பயன்படுத்த வேண்டும். கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச்சின் திறன் சுமையோடு சேர்த்த வண்டி எடையைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். கம்பிக் கயிற்றின் மேல் கனமான போர்வை ஒன்றைப் போடுங்கள், கயிறு அறுந்தால் அது பறக்கும் வேகத்தைப் போர்வை குறைக்கும், அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம்.

வண்டி கவிழ்ந்தால் ஆட்களைக் காக்கும் கம்பிக் கூடான ரோல் கேஜை உள்ளே போட்டால் தலை படும் இடமெல்லாம் கெட்டியான பஞ்சுறை வேண்டும். ஹெல்மெட் இல்லாத தலை வெறும் இரும்பில் மோதினால் காப்பாற்றப் போட்ட கம்பியே ஆளைக் கொல்லும். வண்டியின் உருவம் மாறுவதால் பதிவுக்கும் காப்பீட்டுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே விசாரித்துவிடுவது நல்லது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட கட்டுரைகள் நிறைய வரட்டும், நான் முதல் ஆளாகப் படிப்பேன். அடுத்த தடவை பாறை மேல் நிற்கும் படத்தோடு, அதே வண்டியை அடியிலிருந்து எடுத்த படம் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். ஹோஸ் எவ்வளவு நீளம், ஷாஃப்ட் எந்தக் கோணத்தில், வெல்டிங் எப்படி என்று வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய பிக்கப்பின் உரிமையாளர்