யார் முதலில் அம்புலன்ஸில் ஏறுவது?

ஆசிரியருக்கு,

2021 ஓகஸ்டில், கொரோனாவின் டெல்டா வகை பரவிய நாட்களில், வன்னியின் சிறிய வைத்தியசாலை ஒன்றில் சித்தப்பாவோடு நின்றேன். நோயாளிகள் மூன்று பேர், அம்புலன்ஸ் ஒன்று. சத்தம் போட்ட குடும்பத்தின் ஆள் முதலில் போனார். அமைதியாகக் கதைத்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் இரத்த ஒட்சிசன் அளவு வெறும் 82 சதவீதம். கொரோனாவில் அளவு விழுந்த பிறகும் சிலர் தெளிவாகவே கதைப்பார்கள். அவர் பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் சந்திக்கு வரவே ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அதற்கப்புறம்தான் ஏ9 வீதி. பெரிய வைத்தியசாலைகள் வடக்கே யாழ்ப்பாணத்திலும் தெற்கே வவுனியாவிலும்தான். 680 லீட்டர் ஒட்சிசன் சிலிண்டர், நிமிடத்துக்கு 15 லீட்டர் வீதம் போனால் 45 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே யாருக்கு அவசரம் என்பதோடு, அவர் வழியில் தாங்குவாரா என்பதையும் பார்க்க வேண்டும். ஒட்சிசன் அளவு, மூச்சு வேகம், இரத்த அழுத்தம், நினைவு ஆகியவற்றை எழுதிவைத்து, திரும்பத் திரும்பப் பார்த்து வரிசையை மாற்ற வேண்டும். செல்வாக்குக்கு அதில் இடமே இருக்கக்கூடாது.

அடுத்த தொற்று வருமுன் வன்னி வைத்தியசாலைகள் எல்லாவற்றுக்கும் ஒரே படிவம் வேண்டும். கட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்க ஒரே தொலைபேசி இலக்கமும் வேண்டும். ஏன் காத்திருக்கிறோம் என்பதைக் குடும்பத்துக்கு ஒருவர் சொல்லவும் வேண்டும். அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வாசகர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.