சட்டகத்துக்கு வாங்கும் குழாய்க்கும் சான்றிதழ் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோட்டார்சைக்கிளைத் தங்கள் விருப்பத்திற்கேற்ப மாற்றி அமைத்துக்கொள்ளும் இளையர்கள் இஞ்சின், டயர், விளக்கு ஆகியவற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஆனால், அவை அனைத்தையும் தாங்கும் சட்டகத்தில் வெட்டிச் சேர்க்கப்படும் எஃகுக் குழாய் எப்படிப்பட்டது என்று பட்டறையில் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழாய் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த அலட்சியம் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் அக்காள் மகன் பழைய மோட்டார்சைக்கிள் ஒன்றை வாங்கி, அதன் பின்பகுதியைச் சுருக்கி வளைவான குழாய் வைத்துத் தரும்படி ஒரு பட்டறையில் கொடுத்தான். வேலை பார்வைக்கு அழகாகவே இருந்தது. சில மாதங்கள் கழித்து, வார இறுதியில் நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஜொகூர் போய் வந்தவன், “மாமா, இருக்கைக்குக் கீழே ஏதோ ஆடுது” என்று வண்டியைக் கொண்டுவந்தான். வெல்டிங் ஓரத்தில் உப்புத்தாள் வைத்துக் கறுப்புச் சாயத்தைத் தேய்த்து எடுத்தேன். பற்றவைத்த இடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, மயிரிழை போன்ற விரிசல் ஒன்று துருக்கறையுடன் குழாயைப் பாதி சுற்றியிருந்தது. அந்தத் துண்டை அறுத்து எடுத்து வெர்னியர் அளவியில் அளந்தேன். வெளிவிட்டம் பழைய குழாயைப் போலவே 22 மில்லிமீட்டர், ஆனால் சுவரின் தடிமன் வெறும் 1.2 மில்லிமீட்டர். உட்புறம் வெண்சாம்பல் நிறத்தில் துத்தநாகப் பூச்சு. அலமாரிக்கும் வேலிக்கும் பயன்படும் குழாயை வெளியே மட்டும் தேய்த்துவிட்டு, நேராக முட்டவைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். மூட்டுக்கு வலுவூட்ட உள்ளே செருகும் தாங்குகுழாய் எதுவும் இல்லை.

துத்தநாகம் சுமார் 907 பாகை செல்சியசில் ஆவியாகிவிடும். எஃகு உருகுவதற்கு அதைவிடப் பல நூறு பாகை அதிக வெப்பம் வேண்டும் என்பதால், எஃகு உருகிச் சேரும் வேளையில் துத்தநாக ஆவி அதற்குள் புகுந்து நுண்துளைகளை விட்டுச்செல்கிறது. பற்றவைப்பவருக்குக் காய்ச்சலையும் உண்டாக்குகிறது. எனவே பூச்சுக் குழாயைச் சட்டகத்துக்கு எடுக்கவே கூடாது. சட்டகத்துக்குத் தண்ணீர்க் குழாயை வாங்க நினைத்தாலோ வேறொரு குழப்பம் இருக்கிறது. ஓர் அங்குலத் தண்ணீர்க் குழாயின் வெளிவிட்டம் 33.4 மில்லிமீட்டர், ஓர் அங்குல எஃகு டியூபின் வெளிவிட்டமோ சரியாக 25.4 மில்லிமீட்டர். கடையில் “ஓர் அங்குலம்” என்று மட்டும் சொல்லி வாங்குபவர் எதைக் கொண்டுவருவார் என்று சொல்ல முடியாது.

அடுத்தது பெயர் மயக்கம். “குரோமோலி போட்டுத் தருகிறோம்” என்று, குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகைச் சொன்னால் இளையர்கள் கூடுதல் பணம் கொடுக்கத் தயங்குவதில்லை. 4130 என்னும் அந்த எஃகு வலிமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால், வலிமை வேறு, சுமைக்கு வளைந்துகொடுக்காத விறைப்பு வேறு. மைல்ட் ஸ்டீல் எனப்படும் கரிமம் குறைந்த சாதாரண எஃகும் 4130-உம் ஏறக்குறைய ஒரே அளவு விறைப்பு உடையவை. ஒரே அளவில் இரண்டு குழாய்களை எடுத்து ஒரே சுமையை ஏற்றினால் இரண்டும் ஒரே அளவுதான் வளையும். விறைப்பை நிர்ணயிப்பவை குழாயின் விட்டமும் சுவரின் தடிமனும்தான். 25.4 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட குழாய்க்குப் பதிலாக, 31.8 மில்லிமீட்டர் விட்டமும் 1.6 மில்லிமீட்டர் சுவரும் கொண்டதை எடுத்தால், எடை சுமார் 16 விழுக்காடு குறைகிறது, விறைப்போ 45 விழுக்காடு கூடுகிறது. மேலும், 4130 பற்றவைத்த இடத்தில் வேகமாகக் குளிர்ந்தால் கடினப்பட்டு நொறுங்கும் தன்மை பெறும். வேலையை விரைவில் முடிக்க அதன்மீது ஈரத்துணி போடுவதையும் மின்விசிறியைத் திருப்பிவிடுவதையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யும் பட்டறையில் மைல்ட் ஸ்டீல் குழாயே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

மைல்ட் ஸ்டீலிலும் தரம் ஒன்றல்ல. தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் மின்சாரத்தால் பற்றவைத்த குழாய் மலிவானது. அதை வளைக்கும்போது தையல் கோடு வளைவின் உட்புறத்திலோ வெளிப்புறத்திலோ வராமல் பக்கவாட்டில் இருக்கும்படி பிடிக்க வேண்டும். அதே குழாயை அச்சுக்கம்பியின் மேல் குளிர்நிலையில் இழுத்துச் செம்மைப்படுத்தினால் கிடைப்பது டிஓஎம் குழாய். பலர் இதைத் தையலற்றது என்று நினைத்துக்கொண்டிருந்தாலும், அதுவும் தையல் போட்டுப் பிறந்ததுதான். எனினும் அதன் சுவர் சீராகவும் வலிமை கூடுதலாகவும் இருப்பதால், சட்டக வேலைக்கு நான் முதலில் கேட்பது அதைத்தான்.

குழாயையும் இணைக்கும் முறையையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது பழைய பாடம். 1935இல் பிரிட்டனின் ரெனால்ட்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய 531 குழாயைக் கொண்டுதான் 1950இல் பந்தயத்தில் இறங்கிய நார்ட்டன் மோட்டார்சைக்கிளின் ‘ஃபெதர்பெட்’ சட்டகம் செய்யப்பட்டது. அந்தக் குழாயை எஃகு உருகும் அளவுக்குச் சூடேற்றாமல், குறைந்த வெப்பத்தில் வெண்கலக் கம்பியால் இணைத்தார்கள். இங்கே பழைய பிரிட்டிஷ் வண்டிகளைப் பராமரிப்போர், அத்தகைய சட்டகத்தில் சாதாரண வெல்டிங்கைக் காட்டுவதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நான் முக்கியமாக வேண்டுவது ஒன்றே. கப்பல் பட்டறையில் முக்கியமான குழாய் எதுவும், எஃகு ஆலை தரும் தரச் சான்றிதழான மில் சர்ட்டிபிகேட் இல்லாமல் எங்கள் கைக்கு வராது. குழாயின்மேல் இருக்கும் ஹீட் நம்பரும் (எஃகை உருக்கிய தொகுதியின் எண்) தாளில் இருக்கும் எண்ணும் பொருந்தாவிட்டால் மேற்பார்வையாளர் அதைத் தொடவே விடமாட்டார். கடல்நீர் ஓடும் குழாய்க்கு அவ்வளவு கெடுபிடி இருக்கும்போது, விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு உயிர்களைச் சுமக்கும் குழாய்க்கு ஒரு தாள்கூட இல்லாதது எப்படிச் சரியாகும்? பட்டறைகள் தாம் சேர்த்த குழாயின் வகை, வெளிவிட்டம், சுவரின் தடிமன், பயன்படுத்திய வெல்டிங் கம்பி ஆகியவற்றை ரசீதில் எழுதித் தர வேண்டும். எழுதித் தர மறுக்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள் என்று இளையர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கும் முன்பாக, எண்ணியிருக்கும் மாற்றத்துக்கு அனுமதி உண்டா என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் தெளிவாகக் கேட்டறிய வேண்டும். மூன்று ஆண்டுகளைக் கடந்த மோட்டார்சைக்கிளை ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுசெல்கிறோம் என்பது உண்மையே. ஆனால், சாயத்துக்கு அடியில் மறைந்திருக்கும் 1.2 மில்லிமீட்டர் சுவரை வெளியிலிருந்து பார்ப்பவர் எவ்வாறு அறிவார்?

என் அக்காள் மகனின் வண்டியைத் தொழிற்சாலையில் இருந்த வடிவத்துக்கே திருப்பிவிட்டோம். 2 மில்லிமீட்டர் சுவருள்ள டிஓஎம் குழாயைச் சான்றிதழுடன் வாங்கி, சாய்வாக வெட்டி, உள்ளே இறுக்கமான தாங்குகுழாய் செருகிப் பற்றவைத்தோம். சான்றிதழின் நகலை அவன் வண்டிப் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருக்கிறான். விரிசல் கண்ட பழைய துண்டு என்னிடம் இருக்கிறது. நேரில் பார்க்க விரும்பும் இளையர்களுக்கு மகிழ்ச்சியுடன் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் பட்டறை வெல்டர்,
உட்லண்ட்ஸ்