காரைநகர் வீட்டுக்கு முன்காசு அனுப்பாதை

அன்பு மச்சான்,

காரைநகரில நீ கட்டப் போற வீட்டுக்கு மூண்டு பேர் போட்ட விலைப்படிவமும் வந்து இருவது நாளாச்சு. பதில் போடாமல் இருந்தது என்ர பிழைதான், கோவிக்காதை. இங்க எல்லாரும் சுகம். அம்மாவின்ர முழங்கால் இப்ப பரவாயில்லை. நேற்றுப் பின்னேரம் குஞ்சண்ணையைச் சந்தியில கண்டன். குறைஞ்ச விலை போட்டவனுக்கே வேலையைக் குடுக்கப் போறாயாம், இந்தக் கிழமையே அட்வான்சும் அனுப்பப் போறாயாம். அதுதான் ராவோட ராவா எழுதுறன். அனுப்பாதை.

மூண்டு படிவத்தையும் வரிவரியாப் பார்த்தன். அது ஒரே வீட்டுக்குப் போட்ட மூண்டு விலை இல்லை, மூண்டு வீட்டுக்குப் போட்ட விலை. பிளாற்றை, அதான் மேல் கொங்கிறீற் தட்டை, மட்டும் எடு. முதலாவது ஆள் ஐஞ்சு இஞ்சித் தடிப்பு, சீமெந்து, மணல், கல்லு 1:1.5:3 கலவை, 10 மில்லிமீற்றர் கம்பி ரெண்டு பக்கமும் ஆறு இஞ்சிக்கு ஒண்டு எண்டு எழுதியிருக்கிறார். ரெண்டாவது ஆள் நாலு இஞ்சி, 1:2:4, கம்பி எட்டு இஞ்சிக்கு ஒண்டு. மூண்டாவது ஆள், உன்ர மலிவான ஆள், "பிளாற் வேலை முழுவதும்" எண்டு ஒரே வரியில முடிச்சிட்டார். ஆயிரம் சதுர அடிக்கு முதலாவது கணக்கில ஏறக்குறைய 94 பை சீமெந்து, 760 கிலோ கம்பி. ரெண்டாவதில 60 பை, 570 கிலோ. மூண்டாவதில எத்தினை பை எண்டு அவருக்கே தெரியாது, கொங்கிறீற் போடுற அண்டைக்குத்தான் தெரியும். பேந்து எதை எதோட ஒப்பிட்டு மலிவு எண்டுறாய்? எங்கட பள்ளிக்கூடத்துத் தராசு வாத்தியார் இருந்திருந்தால் உன்னை வாங்கில ஏத்தி விட்டிருப்பார்.

முதல் வேலை, வரைபடத்தை ஒரு பொறியியலாளரிட்டக் குடுத்து பிளாற், பீம், தூண் எல்லாத்துக்கும் தடிப்பும் கம்பியும் எழுதி வாங்கு. பிளாற் நாலு இஞ்சியோ ஐஞ்சு இஞ்சியோ எண்டதை அறையின்ர அகலம் தீர்மானிக்க வேணும், மேசனில்லை. அதை வைச்சு அளவுப் பட்டியல் ஒண்டு போடுவம். அத்திவாரம் வெட்டு எத்தினை கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி), ஆறு இஞ்சிக் கல்லுக் கட்டு எத்தினை சதுர அடி, பூச்சு எத்தினை எண்டு ஒவ்வொரு வரியும் அளவோட இருக்க வேணும். மூண்டு பேருக்கும் அதே தாளைக் குடுத்து விலையை மட்டும் நிரப்பச் சொல்லு. அப்ப தெரியும் ஆர் எங்க குறைச்சிருக்கினம் எண்டு. அத்திவாரத்துக்குக் கூட்டிப் போட்டு, பெயின்ருக்கும் நிலத்துக்கும் (தரை வேலைக்கும்) அடிமாட்டு விலை போட்டிருந்தால் கவனம். முன்னுக்குக் காசை எடுத்துக்கொண்டு பாதியில விடுற ஆக்கள் அப்பிடித்தான் போடுவினம்.

நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில பதிஞ்ச ஆளோ எண்டு கேள். முந்தி இக்டாட் எண்டு சொல்லுவமே, 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தோட பேர் மாறினது. பதிவும் தரமும் இருக்கிறது நல்லதுதான், ஆனால் அதோட நிப்பாட்டாதை. அவர் கட்டி ரெண்டு மாரி கண்ட வீடு ஒண்டுக்கு உன்ர தம்பியை அனுப்பு. புதுப் பெயின்ற் அடிச்ச வீட்டைக் காட்டினால் வேண்டாம். பிளாற்றும் கைப்பிடிச் சுவரும் சேருற மூலையில ஈரக் கறை இருக்கோ, குளியலறைக்குக் கீழ்ச் சீலிங் ஊதியிருக்கோ எண்டு பார்க்கச் சொல்லு. சுவரில நாணயத்தால தட்டிக்கொண்டு போனால் பூச்சு விட்ட இடம் பொள்ளெண்டு கேக்கும். வீட்டுக்காரரிட்ட ஒரு கேள்வி காணும்: காசு முடிஞ்சாப் பிறகு, கூப்பிட்டால் வந்தாரோ?

இனித்தான் எனக்கு நித்திரை வராத விஷயம். தண்ணி.

காரைநகரில கன கிணறு உவர் எண்டு உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தத் தண்ணியிலயோ கழுவாத கடல் மணலிலயோ கொங்கிறீற் குழைச்சால் உப்பு உள்ளுக்குள்ள போய்க் கம்பியைக் கறள் (துரு) பிடிக்க வைக்கும். கறள் பிடிச்ச கம்பி இரும்பு இருந்ததை விடக் கூட இடம் கேக்கும், ஊதும், கொங்கிறீற்றைப் பிளக்கும். உடன தெரியாது. சில வருசம் போக, சீலிங்கில கம்பி ஓடுற கோட்டிலயே வெடிப்பு நேரா வரும், பேந்து துண்டு துண்டா விழும். பூசி மறைக்கலாம், நிப்பாட்டேலாது. அதால நல்ல தண்ணி பவுசரில (தண்ணி லொறியில) வர வேணும், செலவு ஆற்ர எண்டு ஒப்பந்தத்தில எழுத வேணும். ஒரு பைக்கு 25 லீற்றர் கணக்கில 94 பைக்கு 2,350 லீற்றர் குழைக்கவே வேணும். கொங்கிறீற் காயாமல் இறுக, பிளாற்றில ஒரு இஞ்சிக்குத் தண்ணி கட்டி நிக்க விட இன்னொரு 2,360 லீற்றர் அளவில, பேந்து ஏழு நாளும் வத்த வத்த விட வேணும். இதை எழுதாட்டி, மேசன் பக்கத்துக் கிணத்தில மோட்டரைப் போடுவார். அவரிலயும் பிழையில்லை, அவருக்கு ஒருத்தரும் தண்ணிக்குக் காசு ஒதுக்கேல்லை.

சோளகம் (தென்மேல் காத்து) அடிக்கிற மாதங்களில பிளாற் போட்டால் விடியப்புறமே தொடங்க வேணும். அந்தக் காத்து மேல் ஈரத்தை உறிஞ்சி, மத்தியானத்துக்குள்ள சிலந்தி வலை மாதிரி வெடிக்க வைக்கும். ஈரச் சாக்கு முதலே தயாரா இருக்கோணும். ஐப்பசிக்கு முன்னம் கூரை முடியாட்டி மாரிதான் உன்ர வேலையை நடத்தும்.

அடுத்தது, நீ வேலையைப் பிரிச்சுக் குடுக்கிற விதம். சுவர் ஒருத்தர், வயரிங் மனிசியின்ர தமையன், பைப் வேற ஆள். குடுக்கலாம், ஆனால் எல்லைகளை எழுது. பைப்புக்குச் சுவர் வெட்டினால் திரும்பப் பூசுறது ஆர்? சாரம் ஆற்ர? கரண்ட் பில் ஆர் கட்டுறது? எழுதாட்டி ஒழுக்கு வரேக்க மூண்டு பேரும் மற்ற ரெண்டு பேரையும் காட்டுவினம். கொங்கிறீற் போட முதல் நாள் மூண்டு பேரும் கொங்கிறீற்றைத் தாங்க அடிச்ச பலகையில ஏறி நிண்டு பார்க்க வேணும்: வயர் பைப், விசிறிக் கொழுக்கி, கழிவுப் பைப் போற ஓட்டை. மூண்டு கையெழுத்தும் விழாமல் மிக்சர் சுத்தக் கூடாது. தம்பியை ஒண்டு செய்யச் சொல்லு, பலகைக்கும் கம்பிக்கும் நடுவில விரலை விட்டுப் பார்க்கட்டும். நுனி விரல் போகாட்டி கம்பி பலகையில கிடக்குது எண்டு அர்த்தம். உடைஞ்ச கல்லுத் துண்டை வைச்சுத் தூக்க விடாதை. கம்பிக்குக் கீழ வைக்க, சீமெந்தில வார்த்த கவர் கட்டை ஒரு இஞ்சிக்குக் குறையாமல் வேணும்.

கம்பியையும் நிறுக்க வேணும். மில்லிமீற்றரில விட்டத்தை விட்டத்தால பெருக்கி 162ஆல பிரிச்சால் ஒரு மீற்றரின்ர கிலோ. 10 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 617 கிராம் வர வேணும். 500 வந்தால் அது ஒன்பது மில்லிமீற்றர்.

காசு: முன்காசு பத்து வீதத்துக்கு மேல வேண்டாம். மிச்சம் அத்திவாரம், லின்டல் (கதவு யன்னலுக்கு மேல் வாற பீம்), பிளாற், பூச்சு, நிலம் எண்டு அளந்து பார்த்துத்தான். ஒவ்வொரு பில்லிலயும் ஐஞ்சு வீதத்தைப் பிடிச்சு வை, ஒரு மாரி ஒழுகாமல் போனாப் பிறகு குடு. மற்றது, நீ கனடாவில இருந்து ராவில மேசனுக்குப் போன் அடிச்சு "அந்த யன்னலைப் பெரிசாக்குங்கோ" எண்டுறதை இண்டையோட விடு. மச்சான், இதை நான் கடுமையாத்தான் சொல்லுறன். நீ ஒண்டு, மனிசி ஒண்டு, பெரியம்மா ஒண்டு சொன்னால் அந்த மனுசன் ஆற்ர வாயைக் கேக்கிறது? கடைசிப் பில்லில சண்டை தொடங்கிறது அந்த யன்னலிலதான். மாற்றம் தம்பி வழியா, எழுத்தில, விலையும் நாளும் ஒத்துக்கொண்ட பிறகு.

காணி கடலில இருந்து 300 மீற்றருக்குள்ள எண்டால், பிரதேச சபை அனுமதியோட கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதியும் வேணும். காணி உறுதிப் பத்திரத்தில எல்லையைப் பார்த்துச் சொல்லு.

வரைபடப் பிரதியை ஞாயிறுக்கு முன்னம் அனுப்பு, அளவுப் பட்டியலை நானே போட்டுத் தாறன். கிணத்துத் தண்ணி ஒரு போத்தல் எடுத்துச் சோதனைக்குக் குடுக்கத் தம்பிக்குச் சொல்லிப்போட்டன். குறைஞ்ச விலைக்காரருக்கு, பட்டியல் வருகுது, நிரப்பித் தாங்கோ எண்டு மட்டும் சொல்லு. பிள்ளையளைக் கேட்டதாச் சொல்லு.

அன்புடன்,
உன்ர பின் வாங்குக்காரன்