குழுப்படங்களும் பெயர்ப்பட்டியலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு மலரில் சென்னைக் கல்லூரிகளின் பழைய நிழற்படங்கள் வெளிவந்தமை மிகுந்த மகிழ்ச்சியளித்தது. ஆனால், அவற்றுள் பலவற்றின் கீழ் 'ஆசிரியர்களும் மாணவர்களும்' என்று மட்டுமே அச்சாகியிருந்ததைக் கண்டு, கல்லூரி நூலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு மனம் கனத்தது. இதில் தங்கள் குறை ஏதுமில்லை. படங்களைத் தந்தவர்களிடமே பெயர்கள் இருந்திருக்காது.

பெயர்கள் எப்படித் தொலைகின்றன என்பதை நேரில் கண்டிருக்கிறேன். நான் பணியாற்றிய கல்லூரியில் வேதியியல் துறையின் 1958ஆம் ஆண்டுக் குழுப்படம் ஒன்று வெள்ளையடிப்புக்காகக் கழற்றப்பட்டு, கண்ணாடி விரிசல் விட்டிருந்ததால் புதுச் சட்டம் போடுவதற்கு அனுப்பப்பட்டது. கையிலிருந்த சட்டத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டுமென்று, படம் ஒட்டியிருந்த அட்டையின் ஓரங்களை நறுக்கிவிட்டார்கள். 'அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்' என்று தொடங்கும் பட்டியல் அந்த ஓரத்தில்தான் இருந்தது. பிறகு, ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். 38 பேரில் 14 பேரை அவர் அடையாளம் சொன்னார். பின்வரிசையின் கடைசியில், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நிற்கும் அட்டெண்டர் தம் சித்தப்பா என்றபோது அவருக்குக் குரல் தழுதழுத்தது. நறுக்கப்பட்ட பட்டியலிலும் அந்தப் பெயர் இருந்ததில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நாற்காலியில் அமர்ந்தவர்களுக்கும் மாணவர்களுக்குமே அதில் இடமிருந்தது.

கொடையாளர்களுக்கு இந்த நிலை நேர்வதில்லை. பச்சையப்ப முதலியார் காலமானது 1794இல். ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839இல். ஒரு நிழற்படம்கூட இருக்க வழியில்லாத அவருடைய பெயரை, 1842இல் அவரது அறக்கொடையால் தொடங்கிய பள்ளியும், அது 1889இல் வளர்ந்து உருவான கல்லூரியும் இன்றுவரை தாங்கி நிற்கின்றன. அதே கல்லூரியில் பயின்ற கணிதமேதை இராமானுஜனின் படம் வேண்டுமென்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி கேட்டுக்கொண்டதன்பேரில், 1936இல் இந்தியா வந்த இயற்பியலாளர் சந்திரசேகர் தேடியலைந்து, இறுதியில் இராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளிடமிருந்து பெற்றது 1919ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுப் படம். இன்று நமக்குப் பழகிய இராமானுஜனின் முகம் அதுவே. அந்தப் படத்தை வைத்திருந்தவர், அதிலிருப்பவர் யாரென்று அறிந்த அவர் மனைவி.

இப்போது பல கல்லூரிகள் பழைய படங்களை ஸ்கேன் செய்து கணினியில் சேர்த்து வருகின்றன. பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் தின்றுகொண்டிருக்கும் படங்களுக்கு இது அவசியமான பணிதான். ஆயினும், வெறும் எண்ணிட்ட கோப்பாகச் சேமிக்கப்படும் குழுப்படத்தை இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்ப்பவருக்கு அது என்ன சொல்லும்? ஆகவே, முன்னாள் மாணவர் சந்திப்புகளில் மேடைப் பேச்சைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, இப்படங்களின் பெரிய நகல்களை மேசைமேல் பரப்பி, வருவோரிடம் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுமாறு கல்லூரி நிர்வாகங்களை வேண்டுகிறேன். விடுதிச் சமையற்காரர், தோட்டக்காரர், காவலாளி பெயர்களையும் கேட்க வேண்டும். மூலப்படத்தின் பின்புறம் எழுதுவதாயின் மென்மையான பென்சிலே ஏற்றது. பேனா மை ஊறி முன்பக்கம் கறைபடும். 1960களின் தொடக்கத்தில் படித்தவர்கள் இன்று எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள். அடுத்த சந்திப்புவரை ஒத்திப்போடாமல், இயலாதவர்களின் வீடுகளுக்கே படங்களை எடுத்துச் சென்று காட்டுவது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
சென்னை.