ஒப்பந்தம் முடியலாம், சிகிச்சை பாதியில் முடியலாமா? ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் பிரிஸ்பேனில் குடியிருக்கும் தமிழன். அதற்கு முன் பப்புவா நியூ கினியின் லே நகரில் சில வருடங்கள் ஆசிரியராக வேலை பார்த்தேன். கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போன எனக்கு, பந்தைக் கையில் ஏந்தி ஓடி ஆடும் ரக்பி லீக்கைப் பழக்கிவிட்டது அந்த ஊர். அங்கே இந்த விளையாட்டு எந்த அளவுக்கு உயிர் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரிந்துதானே 2028-ல் போர்ட் மோர்ஸ்பி அணியை, உங்கள் முதல் நிலைத் தொடரான என்.ஆர்.எல்.லில் சேர்க்கிறீர்கள்.

இதை எழுத வைத்தவன் ஒரு பையன். அவன் பெயரையும் அவன் ஆடிய கிளப்பின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் விஷயம் அந்தக் கிளப்போடு முடிந்துவிடும். லேயில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மகன். தேசிய அணியான குமுல்ஸின் சட்டை போட்டு நாட்டுக்காக ஆடியவன். இங்கே என்.ஆர்.எல்.லுக்கு அடுத்த இரண்டாம் நிலையான மாநிலப் போட்டியில் ஆட ஒப்பந்தம் கிடைத்து வந்தான். சீசன் நடுவில், எதிரணியினர் மடக்கிப் பிடிக்கும் ஒரு டேக்கிளில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பிக்கிறது. ஒன்பது மாதமாவது பிசியோதெரபிஸ்ட் கூடவே இருந்து காலைத் திரும்பப் பழக்க வேண்டும். இது உங்கள் அணி மருத்துவர்களுக்குத் தெரியாததல்ல.

செப்டம்பரில் சீசன் முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. விசாவுக்கு ஸ்பான்சர் கிளப்தான். கிளப் கைவிட்டால் விசாவும் கிடையாது. பையன் ஊன்றுகோலோடு விமானம் ஏறினான். கையில் கொடுத்து அனுப்பியது இரண்டு தாள்: ஒன்று நன்றிக் கடிதம், இன்னொன்று வீட்டில் செய்ய வேண்டிய உடற்பயிற்சிகளின் படம். மீதிச் சிகிச்சையை அந்தத் தாள் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார்கள் போல. இப்போது மாடிப்படி ஏறினால் முழங்கால் வீங்குகிறது. அவன் சம்பளத்தை நம்பி அங்கே எத்தனை வீடுகள் இருந்தன என்பதை நான் பார்த்திருக்கிறேன். தம்பி தங்கைகளின் பள்ளிக் கட்டணம், சித்தப்பாவின் மருந்து, கிராமத்தில் ஒரு சாவு என்றால் அதற்கான செலவு. எல்லாம் அந்த ஒரு காலின் மேல் நின்றது.

எல்லாமே விதிப்படிதான் நடந்தது. என் வயிற்றெரிச்சலும் அதுதான். வேறு வேலைக்கு வந்தவன் கட்டடத்திலோ இறைச்சித் தொழிற்சாலையிலோ அடிபட்டால் தொழிலாளர் இழப்பீடு உண்டு. விளையாடிச் சம்பாதிப்பவன் களத்தில் அடிபட்டால் கிடையாது. க்வீன்ஸ்லாந்து சட்டமும் நியூ சவுத் வேல்ஸ் சட்டமும் அவனை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரும் இல்லை, நியூசிலாந்தோடும் பிரிட்டனோடும் ஆஸ்திரேலியாவுக்கு மருத்துவ உடன்பாடு உண்டு, பப்புவா நியூ கினியோடு கிடையாது. எஞ்சியது கிளப் எடுத்த காப்பீடும் கிளப்பின் நல்ல மனசும். நல்ல மனசு செப்டம்பர் வரைதான் வந்தது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் ஆளுகையில் நடக்கும் எந்த நிலைப் போட்டியிலும் ஆடிக் காயம்பட்டவருக்கு, குணமாகும் வரை சிகிச்சையும் மறுபயிற்சியும் கிடைக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தாலும், விசா முடிந்தாலும், ஊர் திரும்பினாலும்.

முதல் நிலை ஆட்டக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். 2023-ல் அவர்கள் சங்கத்துக்கும் உங்களுக்கும் இடையே கூட்டு ஒப்பந்தப் பேச்சு இழுத்தபோது சட்டையில் இருந்த என்.ஆர்.எல். சின்னத்தின் மேல் டேப் ஒட்டிக்கொண்டு ஆடினார்கள். காயத்துக்கான நிதியும், ஓய்வுக்குப் பிந்திய மருத்துவ உதவியும் அந்தச் சண்டையில் பேசப்பட்டவை. அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, டிவி காமிரா இருக்கிறது. இரண்டாம் நிலையில் ஆடும் பையன் டேப் ஒட்டினால் யார் பார்க்கப் போகிறார்கள்?

'அது அந்த மாநிலப் போட்டியை நடத்தும் க்வீன்ஸ்லாந்து லீக்கின் பொறுப்பு, அவர்களைக் கேளுங்கள்' என்று பதில் வரலாம். சரி. ஆனால் அந்தப் போட்டியிலிருந்து ஆள் எடுக்கும்போது மட்டும் இந்த எல்லைக்கோடு மறைந்துவிடுகிறதே? லேயில் பயன்பாட்டு இயற்பியல் படித்துக்கொண்டிருந்த ஜஸ்டின் ஓலம், அந்த மாநிலப் போட்டியில் ஆடும் பப்புவா நியூ கினி அணியான ஹண்டர்ஸ் வழியாகத்தான் என்.ஆர்.எல். அணியான மெல்போர்ன் ஸ்டார்முக்குப் போனார். 2020 என்.ஆர்.எல். இறுதிப் போட்டியில், எதிரணியின் தவறால் நடுவர் அவருக்குக் கொடுத்த பெனால்டி ட்ரையை நீங்களும் கொண்டாடினீர்கள். அதே ஹண்டர்ஸ் 2017-ல் அந்த மாநிலப் போட்டியான க்வீன்ஸ்லாந்து கப்பை வென்றபோது அதுவும் உங்கள் பசிபிக் வெற்றிக் கதைதான். கொரோனாவால் 2021 சீசனை ஊருக்குப் போக முடியாமல் கோல்ட் கோஸ்டில் தங்கி ஆடினார்கள். போட்டி நிற்கவில்லை என்று அதையும் பாராட்டினார்கள். ஜெயிக்கும்போது எல்லோரும் ஒரே குடும்பம், ஜவ்வு கிழிந்தால் மட்டும் ஒப்பந்தத்தின் எட்டாம் பக்கமா?

பணமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். புதிய அணிக்கும் பசிபிக் ரக்பி லீக்குக்கும் ஆஸ்திரேலிய அரசு பத்து வருடங்களில் 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுக்கிறது. புதிய அணிக்கு ஆட வருகிறவர்களுக்கு வருமான வரி கிடையாது என்று அந்த ஊர் அரசு அறிவித்திருக்கிறது. காவலோடு கூடிய குடியிருப்பு பற்றியும் பேசுகிறார்கள். சிட்னியிலிருந்து மோர்ஸ்பி போகிறவருக்கு இவ்வளவு. லேயிலிருந்து பிரிஸ்பேன் வந்து திரும்பிப் போகிறவனுக்கு? அவன் பெயரில் கட்டிய ஓய்வூதியச் சேமிப்பை ஊர் போகும்போது எடுத்தால் 35 சதவீதம் வரி. வரவேற்புக்கு வரி விலக்கு, வழியனுப்புக்கு வரி! இது உங்கள் கையில் இல்லை என்பது எனக்கும் தெரியும், வரித்துறைக்குத் தனியாக எழுத வேண்டும். பப்புவா நியூ கினி சீனாவோடு பாதுகாப்பு உடன்பாடு செய்தால் அணியையே நிறுத்தலாம் என்று ஒரு ஏற்பாடு இருப்பதாகச் செய்திகள் வந்தன. பீஜிங் வரைக்கும் யோசித்தவர்களுக்கு ஒரு பையனின் முழங்கால் வரை யோசிக்க நேரமில்லாமல் போயிற்று.

வேகத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். நீங்கள் அந்த நாட்டுக்கு நல்லது செய்ய நினைக்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அணி அறிவிப்பு வந்த அன்று லேயில் இருக்கும் நண்பர்கள் விடிய விடிய போனில் பேசினார்கள். நானும் சந்தோஷப்பட்டேன்.

அதனால் திரும்பவும் தாழ்மையாகக் கேட்கிறேன். 2028-க்காக எப்படியும் பல விதிகளைப் புதிதாக எழுதப் போகிறீர்கள். அப்போது, காயம்பட்டவரின் சிகிச்சை ஒப்பந்த முடிவோடு நின்றுவிடக் கூடாது என்ற ஒரு பத்தியையும் சேருங்கள். என்.ஆர்.எல். அணிகளோடு நிறுத்தாமல் மாநிலப் போட்டிகளுக்கும் அதைக் கட்டாயமாக்குங்கள். போர்ட் மோர்ஸ்பியிலும் லேயிலும் பிசியோதெரபிக்கு ஏற்பாடு செய்து, பசிபிக்குக்கான நிதியிலிருந்து அந்தச் செலவைக் கொடுக்கலாம். ஏற்கெனவே பாதிச் சிகிச்சையோடு ஊர் திரும்பியவர்களையும் இதில் சேர்க்க முடியுமா என்பதை அடுத்த சீசன் தொடங்கும் முன் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
பிரிஸ்பேனிலிருந்து ஒரு ரசிகன்